தேவிகுளத்துக்காகச் சுடப்பட்டவர்கள்

1956 நவம்பர் 1 அன்றுதான் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. குமரி மாவட்டத்தில் அந்த நாள் வந்தால் ஒரு கணக்கு தவறாமல் சொல்லப்படும். கேட்டது ஒன்பது தாலுகா, கிடைத்தது நாலரை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் முழுசாக வந்தன. செங்கோட்டை பாதி வந்தது. நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு போனது போனதுதான். அந்த எல்லைப் போராட்டத்தை நடத்திய நேசமணியின் சிலைக்கு மாலை போடுவார்கள், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, சாயங்காலம் கூட்டம். மைக் பிடிக்கும் யாராக இருந்தாலும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் இறங்குவதில்லை. விளவங்கோடு தாலுகாவில் பிறந்த எனக்கு வாய்ப்பாடு மாதிரி இது மனப்பாடம். ஆனால் சில வருடங்களாக இதைக் கேட்கும்போதெல்லாம் மனசில் ஏதோ இடறுகிறது. எண்ணிக்கை சரிதான். அதில் தாலுகா இருக்கிறது, மலை இருக்கிறது, அணை இருக்கிறது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் அன்றைக்கு வாழ்ந்த ஆட்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள், அவர்கள் எங்கே?

பீர்மேடு என்றதும் எல்லோரும் நேராக முல்லைப் பெரியாறுக்குப் போய்விடுகிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. 1886இல் 8,000 ஏக்கருக்கு 999 வருடக் குத்தகை எழுதி, 1895இல் கட்டி முடித்த அணை அது. அதன் தண்ணீரில்தான் தேனியிலிருந்து கிழக்கே பல தாலுகாக்கள் விளைகின்றன. பீர்மேடு மட்டும் நம் பக்கம் வந்திருந்தால் இத்தனை வழக்கு நடந்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லைப் போராட்டம் அணைக்காகத் தொடங்கவில்லை. அது தொடங்கிய விதத்தை எங்கள் ஊர்க்காரர்களே மறந்துகொண்டு வருவதுதான் என்னை எழுதவைக்கிறது.

ஆடி மாதம், 1129

கொல்லம் ஆண்டு 1129 ஆடி என்றால் ஆங்கிலக் கணக்கில் 1954 ஆகஸ்ட். எங்கள் பெரியப்பா அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். அவருக்குக் கடைசிவரை இங்கிலீஷ் மாதக் கணக்கு ஒட்டவே இல்லை. நிலத்தின் பழைய ஆதாரங்கள் எல்லாம் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் இருந்ததால் அப்படியே பழகிவிட்டது. தொடுவெட்டி என்றுதான் சொல்வார், மார்த்தாண்டம் என்று சொல்ல மாட்டார். அன்றைக்குச் சந்தைப் பக்கம் கடைக்காரர்கள் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை அடைத்துக்கொண்டிருந்ததாகவும், கடைசிப் பலகையைச் செருகுவதற்குள் வெடிச்சத்தம் கேட்டதாகவும் சொல்வார். "கல்யாணத்துக்கு வெடி போடுதாவளோன்னு நெனச்சேன் மக்கா" என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்றைய அரசியலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடியரசுக்கு அப்போது நாலரை வயது. 1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்து, யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனது. 19 இடம் மட்டுமே பிடித்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, வெளியிலிருந்து காங்கிரஸ் தந்த ஆதரவில் முதலமைச்சர் ஆனார். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடம் பிடித்தது. ஆந்திரம் பிரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் பட்டினி கிடந்து 1952 டிசம்பரில் இறந்ததும், நாலே நாளில் ஆந்திர மாநிலம் அமைப்போம் என்று நேரு அறிவித்ததும் எல்லோருக்கும் பச்சையாக ஞாபகம் இருந்தது. மாநில எல்லைகளை மறுபடி வரைய மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைந்து வேலை தொடங்கியிருந்தது. யார் எந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த காலம்.

அந்த நேரத்தில்தான் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீது போலீஸ் கெடுபிடி என்ற செய்தி கீழே வந்தது. நேசமணி தன் சகாக்களோடு மலையேறினார். கூட்டம் கூடத் தடை இருந்தது. தடையை மீறியதற்காக ஜூலை மாதம் தேவிகுளத்தில் கைதானார். அந்தக் கைதுக்குப் பிறகுதான் கீழே குமரிப் பகுதியில் மறியலும் கடையடைப்பும் சூடு பிடித்தன. ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க்கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். பொறி விழுந்தது மலையில். ரத்தம் சிந்தியது விளவங்கோட்டில். அந்த ஊர்வலத்தில் போனவர்களில் பாதிப்பேர் தேவிகுளத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைய சாலையில் ஒரு முழு நாள் போனாலும் போய்ச் சேர முடியாத தூரம். அங்கே கொழுந்து எடுக்கிறவர்கள் நம் சொந்தபந்தமும் இல்லை. பெரும்பாலும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் இருந்து கங்காணிகள் கூட்டிப்போன, நிலம் இல்லாத குடும்பங்கள். அதிலும் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களுக்காக, பனையேறியும் கூலிவேலை செய்தும் பிழைத்த எங்கள் ஊர் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். என் மாவட்டத்தின் வரலாற்றில் எனக்கு ஆகப் பெருமையான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சொந்தத் தாலுகா நம் பக்கம் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு ஆளையும் இங்கே சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தபோது ராம் மனோகர் லோகியா பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். உத்தரப் பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். நாட்டிலேயே அவருடைய கட்சிக்காரர் முதலமைச்சராக இருந்த ஒரே மாநிலம் திருவிதாங்கூர்-கொச்சிதான். அப்படியிருந்தும் சிறையிலிருந்தபடி, பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவை பதவி விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்று தந்தி கொடுத்தார். ஆயுதம் இல்லாத ஜனங்களைச் சுட்ட அரசு எதுவானாலும் நாற்காலியில் இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். கட்சி கேட்கவில்லை. லோகியா பொறுப்பை விட்டார், அடுத்த வருடக் கடைசிக்குள் கட்சியே உடைந்தது. மலையாளமும் தெரியாத, தமிழும் தெரியாத ஒரு வடக்கத்திக்காரர், தன் கட்சியின் ஒரே ஆட்சியை எங்கள் ஊர்க்காரர்களின் உயிருக்காக இழக்கத் தயாராக இருந்தார். மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆணையம் எடுத்த முடிவு

1955 செப்டம்பர் 30 அன்று பசல் அலி தலைமையிலான அந்த மூவர் ஆணையம் அறிக்கை தந்தது. குமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போகட்டும் என்றது. தேவிகுளம், பீர்மேடு கிடையாது. தேவிகுளத்தில் தமிழ் பேசுகிறவர்களே பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நிலையாக இருப்பவர்கள் என்று கொள்ள முடியாது என்று அந்தத் தலைகளை ஓரம் வைத்துவிட்டது. அந்த மலைகள் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு வேண்டியவை என்றது. கேரளத்தில் ஜனநெருக்கடி அதிகம், குடியேற இடம் தேவை என்பதும் கணக்கில் வந்தது. அதற்கு முன்பே பட்டம் அரசு அந்த மலைகளில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நெடுங்கண்டம் பக்கம் பட்டம் காலனி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

ஆக, ஏற்கெனவே இரண்டு மூன்று தலைமுறையாகத் தேயிலை நட்டுக் காட்டைத் தோட்டமாக்கியவர்கள் கணக்கில் சேரவில்லை. இனிமேல் வரப்போகிறவர்களின் தேவை கணக்கில் சேர்ந்தது. புதிதாகக் குடியேறிய அந்த மலையாளக் குடும்பங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பஞ்ச காலத்தில் உயிர்பிழைக்க மலையேறிய ஏழைகள்தான் அவர்களும். என் கோபம் அந்த அளவுகோல் மேல். 1951-52 தேர்தலில் அதே தொழிலாளிக்கு இந்தக் குடியரசு ஓட்டுக் கொடுத்தது. தோட்ட முதலாளிக்கும் ஒரு ஓட்டு, கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கும் ஒரு ஓட்டு. மூன்று வருடம் கழித்து எல்லை போடும்போது, நீ இங்கே இருப்பவளா என்பதே சந்தேகம் என்றது.

பணிக்கர் மலையாளி, அதனால்தான் இப்படி ஆனது என்று மேடையில் முழங்குவது சுலபம். கே.எம். பணிக்கர் அந்த மூவரில் ஒருவர் என்பது உண்மை. தலைவர் பசல் அலி, தனக்குப் பீகாரோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு என்று சொல்லி, பீகாரின் எல்லைத் தகராறுகளை முடிவு செய்வதில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டார். பணிக்கரும் அப்படி ஒதுங்கியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் பசல் அலியும் மூன்றாவது உறுப்பினர் குன்ஸ்ருவும் அதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள். மூன்று பேருக்கும் அந்த வாதம் தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பணிக்கரைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆந்திராவோடு இருந்த வடக்கு எல்லைத் தகராறில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் வருடக்கணக்கில் போராடிய பிறகு, படாஸ்கரை நடுவராக வைத்தார்கள். அவர் தாலுகாவை விட்டுவிட்டு ஒவ்வொரு கிராமமாக எடுத்தார். அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம், அது எந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். அப்படித்தான் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வந்தது, சத்தியவேடு பக்கக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. எல்லோருக்கும் திருப்தி இல்லை, திருப்பதி வரவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு. ஆனால் எவனையும் நீ எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய், உனக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்டதாகத் தெரியவில்லை. விவசாயியை அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றாது. தோட்டக் கூலியைக் கேட்கத் தோன்றியது.

செக்ரோல்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு போகும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் காகிதங்கள். வளைவுகளில் பேருந்து சாயும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்ததில், பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறார் என்று தெரிந்தது. பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். அங்கே போய்விட்டு வருகிறார்.

"அங்க போனா, ஒங்களுக்கு இங்க வீடு இருக்கா, ரேசன் கார்டு இருக்கான்னு கேக்காங்க தம்பி. இங்க வந்தா, அம்பதுக்கு முன்னாடி வந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்கறாங்க. எங்க மாமனாரு பேரு செக்ரோல்ல இருக்கு. ஆனா அந்த வருசத்துப் புஸ்தகம் இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

செக்ரோல் என்பது தோட்டத்தில் தினமும் பேர் போடும் பதிவேடு. யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ எடுத்தார்கள் எல்லாம் அதில்தான். அம்பது என்று அவர் சொன்னது 1950ஐ. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து அதற்குப் பிறகு இன்னொரு மாநிலத்துக்குப் போனவருக்கு, போன இடத்தில் பட்டியல் சாதிச் சலுகை கிடைக்காது. தாத்தா அந்தத் தேதிக்கு முன்பே மலையில் இருந்தார் என்று காட்டினால்தான் பேரன் கேரளத்தில் பட்டியல் சாதி. காட்ட என்ன இருக்கிறது? பட்டா இல்லை. குடியிருப்பது நிறுவனத்தின் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும். பிறப்பும் சாவும் நடந்தது அங்கேதான், ஆனால் அவர்கள் பேர் இருந்த ஒரே காகிதம் முதலாளியின் பதிவேடு. நான் ஆணையத்தின் அறிக்கை பழங்கதையாகிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அம்மாவின் மடியில் அது உயிரோடு இருந்தது.

இது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து என்று ஒதுக்க முடியாது. 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் ஜெயித்த ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவர் வெற்றி செல்லாது என்றது. மதமாற்றம் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்க, அவருடைய தாத்தா பாட்டி எப்போது தோட்டத்துக்கு வந்தார்கள், 1950க்கு முன்பா பின்பா என்பதும் வழக்கில் வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் வெற்றியை உறுதிப்படுத்தியது. ஒரு சட்டமன்ற உறுப்பினர், வக்கீல் வைத்து வாதாட முடிந்தவர், தாத்தா மலையேறிய காலத்தை நிரூபிக்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. கொழுந்து எடுக்கிறவர் எங்கே போவார்?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை அடித்துப் போனதில் 70 பேர் செத்தார்கள். அவர்களில் பலருக்குக் கயத்தாறு பக்கம் சொந்தபந்தம். தமிழ்நாட்டில் தொலைக்காட்சிகள் நம் மக்கள் என்று சொன்னபோது என் கண்ணும் கலங்கியது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2015 செப்டம்பரில், மூணாறில் அதே மலைப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுதிரண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடாமல் நடத்திய போராட்டம் அது. அவர்கள் கேட்டது 20 சதவீதப் போனஸ், கூலி உயர்வு. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் நம் மேடைகளில் அந்தப் பெண்கள் பேச்சு வரவில்லை. எல்லை பேசும் வாய்க்குக் கூலி பேச வராதா?

தேவிகுளத்தை இப்போது திருப்பிக் கேட்கலாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது அந்தப் பேச்சின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தோம். இடுக்கித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்கள் அடிபட்டுக் காட்டுவழியே தேனிப் பக்கம் ஓடி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் டீக்கடைகள் உடைந்தன. மறுபடி ஒருமுறை கோடு அழித்துக் கோடு போட்டால் முதலில் அடிவிழுவது லயத்தில் இருப்பவருக்குத்தான்.

ஆனால் கோட்டை அழிக்காமலேயே செய்ய எவ்வளவோ இருக்கிறது. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வருடா வருடம் நவராத்திரிக்கு அங்கிருந்து உடைவாளும் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். களியக்காவிளைவரை தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை, அந்தப் பக்கம் கேரளப் போலீஸ் மரியாதை. மந்திரிகள் வந்து நிற்பார்கள். ஒரு அரண்மனைக்காகவும் மூன்று விக்ரகங்களுக்காகவும் 1956லிருந்து இரண்டு அரசும் சண்டையில்லாமல் ஒத்துப்போக முடிந்திருக்கிறது. அப்படியென்றால் தோட்ட நிறுவனங்களின் கிட்டங்கியில் கிடக்கும் பழைய செக்ரோல்களை எடுத்துப் படியெடுத்து, இரண்டு மாநில வருவாய்த் துறையும் ஏற்கும் ஆதாரமாக அறிவிக்க ஏன் முடியாது? பதிவேடு தொலைந்துபோன இடத்தில், பூர்வீக கிராமத்து ஆவணங்களை வைத்துத் தமிழ்நாடு ஒரு சான்று கொடுக்கலாம், அதைக் கேரளம் ஏற்கலாம். ஓய்வு பெறும் தொழிலாளிக்கு மலையிலோ கீழேயோ நாலு சென்ட் கொடுப்பதற்கு இரண்டு அரசும் சேர்ந்து ஒரு திட்டம் போடலாம். நவம்பர் 1 மேடையில் எல்லைத் தியாகிகள் பெயரைச் சொல்லும் கட்சிகள் இரண்டு மாநிலச் சட்டமன்றங்களிலும் இருக்கின்றன. அவர்களில் ஒருவராவது அங்கே எழுந்து இதைக் கேட்கட்டும். தொடுவெட்டியில் விழுந்தவர்கள் தேவிகுளத்து மனுசர்களுக்காகத்தான் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த அம்மாவின் பேரன் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் பொதுப் பிரிவில் போட்டிருக்கிறான். சான்றிதழுக்கான இரண்டாவது மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.